விமானத்தை அனுப்புவோர்



மாலை வேளையில் மரக்காணத்து உப்பளங்களின் வரப்பில் உலாவி வருவது என் வழக்கம். பாத்தி பாத்தியாக நீர் கட்டி நிற்கும். பகலெல்லாம் உப்பு வாரிய தொழிலாளர்கள் அதை வரப்பில் குவித்துவிட்டு வீடு திரும்புவார்கள். ஒரு நாள் தலைக்கு மேலே விமானம் ஒன்று சென்றது. என்னுடன் வந்த சிறுவன் நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, அதை ஓட்டுபவர் பெரிய ஆள்தானே?" என்று கேட்டான். ஆம் என்றேன். ஆனால் அதைத் தரையிலிருந்து அனுப்பி வைத்தவர்களைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். சிறிய ஊர்களை இணைக்கும் சிறிய விமானங்களின் நிலையங்களில் நாள்தோறும் உழைப்பவர்களே இன்றைய பேச்சின் பொருள்.

நம் நாட்டு விமானப் போக்குவரத்தே சிறிய நிலையங்களில்தான் பிறந்தது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் பறந்து வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அகமதாபாத்தில் அந்த விமானத்திற்குப் பெட்ரோல் வந்தது எதில் தெரியுமா? மாட்டு வண்டியில்! தகர டின்களில் வந்த எண்ணெயை ஆட்கள் ஊற்றி நிரப்பினார்கள். பம்பாயில் ஜுஹு என்ற இடத்தில் இருந்த இறங்குதளமோ கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் நம் உப்பளம் போலவே அது நீரில் மூழ்கிவிடும். அப்போது விமானங்களையும் ஆட்களையும் பூனாவுக்கு மாற்றினார்கள். விமானி பெயர் வரலாற்றில் நின்றது. டின்னைத் தூக்கியவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பின்னர் 1981இல், பெரிய விமானங்கள் செல்லாத ஊர்களுக்கென்றே 'வாயுதூத்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 2016இல் மத்திய அரசு 'உடான்' என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நமக்கு அண்மையில் உள்ள புதுச்சேரி விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓடுதளம் ஏறத்தாழ 1500 மீட்டர் நீளமே உடையது. ஆகவே சுழல்விசிறி பூட்டிய சிறு விமானங்களே அங்கு வந்து போகின்றன. 2013, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் அங்கே சேவைகள் தொடங்கின. இடையிடையே நின்றும் போயின. 2024 டிசம்பரில் மீண்டும் ஒரு சேவை தொடங்கியது.

இத்தகைய நிலையத்தில் ஊழியரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? பெரிய நிலையத்தில் பத்துப் பேர் பகிர்ந்து செய்யும் வேலையை இங்கே இரண்டு மூன்று பேர் செய்கிறார்கள். காலையில் பயணச்சீட்டைச் சரிபார்ப்பவரே பெட்டியையும் நிறுக்கிறார். ஒலிபெருக்கியில் அறிவிப்பவரும் அவரே. சற்று நேரத்தில் வெயிலில் நின்று பயணிகளை விமானத்தருகே அழைத்துச் செல்பவரும் அவரே. வந்த விமானம் பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் திரும்பப் புறப்பட வேண்டும். அதற்குள் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். பெட்டிகளை இறக்கி ஏற்ற வேண்டும். எரிபொருள் நிரப்ப வேண்டும். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. எனவே குழந்தைகள் அப்பக்கம் ஓடாமல் காக்கவும் வேண்டும்.

இங்கு ஒரு சிறு செய்தி. பிரான்சும் இத்தாலியும் கூடிச் செய்யும் ஏ.டி.ஆர். 72 என்ற விமானத்தில் ஏறத்தாழ 70 பேர் செல்லலாம். அதில் பயணிகள் ஏறும் கதவு பின்புறம் உள்ளது. எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் கூடினால், தராசின் ஒரு தட்டுத் தாழ்வதுபோல வால் தாழ்ந்து மூக்கு மேலெழும்பிவிடக் கூடும். அதனால் பயணிகள் ஏறி இறங்கும்போது வாலுக்கு அடியில் ஓர் ஊன்றுகோலை முட்டுக் கொடுத்து வைக்கிறார்கள். புறப்படுமுன் மறவாமல் அதை எடுத்துவிட வேண்டும். பள்ளியில் நீங்கள் படிக்கும் நெம்புகோல் தத்துவம் அங்கே ஒரு கோலின் வடிவில் நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். அங்கிருந்து ஐதராபாத்தில் உள்ள என் மகளைக் காண, அருகிலிருந்த சிறு நிலையம் ஒன்றில் விமானம் ஏறப் போனேன். பெட்டி நிறுக்கும் இடத்தில் இருந்தவர் என் பழைய மாணவர். உப்பளத் தொழிலாளியின் மகன். "ஐயா, வாருங்கள்" என்று எழுந்து நின்று வணங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் என் பெட்டி 18 கிலோ இருந்தது. கொண்டுபோகலாம் என்று கொடுத்த அளவோ 15 கிலோ. மிகுதியான 3 கிலோ எது தெரியுமா? மகளுக்காக நான் கட்டி வைத்திருந்த மரக்காணத்துக் கல்லுப்பு!

"தம்பி, நம் ஊர் உப்புத்தானே, 15 என்றே எழுதிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாய்மையைப் பற்றி வகுப்பில் பேசிய வாய்தான் அது.

அவர் தலை குனிந்தபடி, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "கட்டணத்தை வேண்டுமானால் நான் கட்டிவிடுகிறேன், ஐயா. ஆனால் 18ஐ 15 என்று எழுத என்னால் முடியாது. விமானி இந்தக் கணக்கை நம்பித்தான் ஏறுகிறார். எங்கள் அப்பா டிகிரி பார்க்காமல் பாத்தியில் கால் வைக்க மாட்டார். தாங்களும் கடைசி வரியில் ஓர் எண் மாறினால் மதிப்பெண் தர மாட்டீர்களே!"

உப்பு நீரின் அடர்த்தியை மிதவைக் கண்ணாடியால் அளப்பதைத்தான் அளத்தில் 'டிகிரி பார்ப்பது' என்பார்கள். 25 டிகிரி அளவில் நல்ல உப்பு விளையும். 30ஐ நெருங்கவிட்டால் மக்னீசியம் கலந்து உப்புக் கசக்கும். அந்தக் கசப்பு அன்று என் நாவில் இருந்தது. கட்டணத்தை நானே கட்டினேன்.

விமானம் வரத் தாமதமாயிற்று. ஓய்வு கிடைத்தபோது அவர் என் அருகில் வந்து அந்தக் கணக்கை விளக்கினார். விமானத்தின் எடை, எரிபொருள், பயணிகள், பெட்டிகள் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டினால் மட்டும் போதாது. அந்த எடை முன்னும் பின்னும் எவ்வாறு பகிர்ந்து நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். பயணிகளை ஒவ்வொருவராக நிறுப்பதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு சராசரியைக் கொள்கிறார்கள். ஆகையால் பெட்டியின் எடையாவது மெய்யாக இருக்க வேண்டும். நான் ஒருவன் மறைத்த 3 கிலோவால் விமானம் விழுந்துவிடாது. ஆனால் 70 பேரும் ஆளுக்கு 3 கிலோ மறைத்தால்? 210 கிலோ. கணக்கில் வராத மூன்று ஆட்கள் விமானத்தில் ஏறியதற்குச் சமம்!

இது வெறும் அச்சம் அன்று. 2003ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் அமெரிக்காவில் சார்லட் என்னும் நகரில் ஒரு சிறு விமானம் புறப்பட்ட உடனே விழுந்து, அதிலிருந்த 21 பேரும் மாண்டனர். வால் பகுதியை இயக்கும் கம்பி பழுதுபார்ப்பில் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது ஒரு காரணம். காகிதத்தில் எழுதிய எடையைவிட உண்மை எடை மிகுந்து, பின்பக்கம் சாய்ந்திருந்தது மற்றொரு காரணம். கணக்கிட்டவர் பொய் எழுதவில்லை. விதியில் இருந்த சராசரியே பழையதாகிவிட்டது. அதன்பின் அந்நாட்டில் சராசரி எடையை உயர்த்தினார்கள். அறியாமல் நேர்ந்த பிழைக்கே இவ்வளவு விலை என்றால், அறிந்து எழுதும் பொய்க்கு என்ன விலை?

உப்பு வணிகம் செய்த உமணர்களைப் பற்றிச் சங்க இலக்கியத்தில் படித்திருப்பீர்கள். மேடும் பள்ளமும் உள்ள நெடுவழியில் அச்சு முறிந்தால் என்செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிச் சென்றார்கள் என்று புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் ஔவையார் கூறுகிறார். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். விமானமும் அவ்வாறே. போக வேண்டிய ஊருக்கு வேண்டிய எரிபொருள், அங்கு இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்குச் செல்ல வேண்டியது, அதற்கும் மேல் 30 நிமிடம் வானில் வட்டமிட வேண்டியது என்று கணக்கிட்டு நிரப்புகிறார்கள். நிலையத்து ஊழியரின் விழிப்பும் ஒரு சேம அச்சுத்தான்.

2020ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் நள்ளிரவையொட்டி நிவர் புயல் எங்கள் கரையோரமாகவே நிலத்தில் ஏறியது. சென்னை விமான நிலையத்தை அன்று மாலை 7 மணிக்கே மூடிவிட்டார்கள். கதவு அதிர்ந்துகொண்டிருந்த அந்த இரவில் என் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "வீடு எப்படி இருக்கிறது, ஐயா?" என்று கேட்டார். அவர் தம் நிலையத்தில், விமானம் இன்றித் தங்கிவிட்ட பயணிகளுக்கு உணவு தேடிக்கொண்டிருந்தார். காற்றின் மேல் காட்ட முடியாத சினத்தைச் சிலர் அவர்மேல் காட்டினார்களாம். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிறகு அவ்வூர்ச் சேவை நின்றது. சிறிய நிலையங்களின் விதி அதுவே. இருக்கைகள் நிரம்பாவிட்டால் விமானம் வருவது நின்றுவிடும். ஊழியர் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் போக வேண்டும். என் மாணவர் இப்போது தொலைவில் உள்ள மற்றொரு நிலையத்தில் இருக்கிறார். பருவமழை வந்ததும் அளத்தைவிட்டு வேறு வேலை தேடிப் போகும் தந்தையைப் பார்த்து வளர்ந்தவர். ஆகவே அவர் கலங்கவில்லை.

மாணவர்களே, உங்களில் சிலர் விமானியாகலாம். பலர் ஏதோ ஒரு மூலையில் ஒரு தராசின் முன் உட்கார்ந்து எண்ணை எழுதுபவராகலாம். அது சிறிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். உங்களை அறியாத எழுபது பேர் அந்த எண்ணை நம்பி ஏறுகிறார்கள். உங்கள் ஆசிரியரே வந்து கேட்டாலும் அந்த எண்ணை மாற்றாதீர்கள்.