மறைத்தால் வட்டி ஏறும்



வங்கியில் ஒரு ரூபாய் டேலி ஆகாவிட்டாலும் வீட்டுக்குப் போகமாட்டோம். ஆனால் என் தம்பி மகன் விஷயத்தில் கோட்டை விட்டேன். பகல் முழுக்கத் தூக்கம், எரிச்சல், பழைய சிநேகிதர்களை ஒதுக்கியது, ஓயாத கடன். 'வயசுக் கோளாறு' என்று கடனை நானே அடைத்தேன். போதை மாத்திரை என்று தெரிந்தும் ஊருக்குப் பயந்து மறைத்தோம். மூன்று வருடம் போனது. சிகிச்சைக்குப் பின் இப்போது வேலைக்குப் போகிறான்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின், 1980-இல் சிகிச்சைக்கென்றே அறக்கட்டளை தொடங்கினார். பெரிய குடும்பம்; அவர் மறைக்கவில்லை.

இது நோய். திட்டினால் தீராது. வீட்டிலேயே திடீரென நிறுத்த வைப்பதும் ஆபத்து, டாக்டரிடம் போங்கள். 14446 இலவச உதவி எண். துணைக்கு ஆள் வேண்டுமா? என் கதவைத் தட்டுங்கள், வருகிறேன்.