உண்ணிக் காய்ச்சலும் ஊர்க் கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கறவைப் பசு தீவனம் எடாமல் நிற்கிறது. உடல் கொதிக்கிறது, சிறுநீர் காப்பி நிறமாக இறங்குகிறது. அதன் பாலை நம்பியுள்ள குடும்பம் கண்ணேறு பட்டதென்று கலங்குகிறது. காரணமோ, மாட்டின் மடியிலும் காதிலும் ஒட்டியிருக்கும் உண்ணிதான்.

இதை 1893-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும் மெய்ப்பித்தனர். உண்ணி கடிக்கும்போது பபேசியா என்னும் நுண்ணுயிர் மாட்டின் இரத்தத்திற் புகுந்து, சிவப்பணுக்களுக்குள் பெருகி, அவற்றை உடைக்கிறது. உடைந்த அணுக்களின் நிறமே சிறுநீரில் இறங்குகிறது. தைலேரியா என்னும் மற்றொன்று முதலில் வெள்ளணுக்களைத் தாக்கும், நெறி கட்டும். கலப்பினப் பசுக்களே இதற்கு எளிதில் இரையாகின்றன.

பபேசியாவின் மேற்புறத்தில் சில புரதங்கள் உள்ளன. சிவப்பணுவைப் பற்றுவதற்கு அவை உதவுகின்றன. கன்றை முளையடித்துக் கயிற்றாற் கட்டுகிறோம் அல்லவா? அதுபோலக் கொழுப்பு முளையாகவும், மானோஸ் முதலிய சர்க்கரைகளின் தொடர் கயிறாகவும் நின்று இப்புரதங்களைப் பிணைத்துள்ளன. இவற்றைக் கொண்டு தடுப்பூசி காண விஞ்ஞானிகள் முயன்றனர். ஆனால் இப்புரதங்களுள் சில இடத்துக்கு இடம் மாறுபடுவதால் அம்முயற்சி எளிதாக இல்லை.

உண்ணியின் குடலிலும் இத்தகைய சர்க்கரைக் கயிற்றிற் கட்டுண்ட புரதம் ஒன்று உண்டு. பி.எம்.86 என்பது அதன் பெயர். அதைக்கொண்டு ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் 1990-களில் தடுப்பூசி வெளிவந்தது. ஊசி போட்ட மாட்டின் இரத்தத்தைக் குடித்த உண்ணியின் குடல் சிதைகிறது. அது இடும் முட்டைகள் குறைகின்றன. எனினும் எல்லா வகை உண்ணிகளிடத்தும் ஒரே பலன் கிட்டுவதில்லை.

ஆகவே ஊசி ஒன்றையே நம்பியிராமல் நாம் செய்ய வேண்டியவை உள. ஒரு பெண் உண்ணி 2,000-க்கு மேற்பட்ட முட்டைகள் இடக்கூடும். பபேசியா முட்டை வழியே குஞ்சுகளுக்கும் செல்கிறது. ஒருவர் தம் மாட்டைச் சுத்தம் செய்தாலும், அடுத்த வீட்டு மாட்டிலிருந்து விழும் உண்ணி மேய்ச்சல் நிலத்திற் பெருகும். இது தனி வீட்டு வேலையன்று, ஊர் வேலை.

பஞ்சாயத்து ஒரு நாளைக் குறித்து, ஊர் மாடுகள் அனைத்துக்கும் மருத்துவர் கூறும் அளவில் உண்ணி மருந்து இடச் செய்க. தொழுவச் சுவரின் வெடிப்புகளைப் பூசுக. அங்கே உண்ணிகள் ஒளிந்திருக்கும். சந்தையில் வாங்கிய மாட்டை உண்ணி நீக்கியபின் மந்தையிற் சேர்க்க. காய்ச்சல் கண்ட அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க. பபேசியாவுக்கும் தைலேரியாவுக்கும் வெவ்வேறு மருந்துகள் உண்டு. இரத்தத்தைச் சோதித்தால் எது வேண்டுமென்று தெரியும். காலம் தாழ்த்தினால் மருந்தும் கைகொடாது.

அடுத்த கூட்டத்திலேயே இதற்குத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஏழையின் பசு பிழைத்தால் அவன் குடும்பம் பிழைக்கும்.