அச்சிடப்படும் சூரிய மின்கலங்கள்: திறனும் ஆயுளும்



இந்தியாவின் மின் திட்டத்தில் சூரிய ஆற்றல் முதன்மையான இடத்தைப் பெற்றுள்ளது. 2010-இல் தொடங்கிய தேசிய சூரிய இயக்கம் 20,000 மெகாவாட்டை இலக்காகக் கொண்டது. 2015-இல் அவ்விலக்கு 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. 2025-இன் தொடக்கத்தில் நாடு அந்த அளவைக் கடந்தது. ஆயினும், இவ்வளர்ச்சி பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கப்பட்ட சிலிக்கான் மின்கலங்களைக் கொண்டே எய்தப்பட்டது. வேறு மூலப்பொருள் உண்டா என்னும் வினா இதனால் எழுகின்றது.

சிலிக்கான் 1,414 பாகை செல்சியசில் உருகுவது. அதைத் தூய்மைப்படுத்தி, உருக்கி, பாளமாக்கி, மெல்லிய வில்லைகளாக அறுப்பதற்குப் பெருவெப்பமும் பெருமூலதனமும் தேவை. கரிமப் பொருள்களோ கரைப்பானில் கரைந்து மை போலாகின்றன. உருளையிலிருந்து ஓடிவரும் பிளாஸ்டிக் தாளின்மீது அந்த மையைப் பூசி, ஏறத்தாழ 150 பாகைக்கு உட்பட்ட வெப்பத்திலேயே உலர்த்திவிடலாம். ஒளியை ஈர்க்கும் படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர் அளவினதே; இது சிலிக்கான் வில்லையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு.

1986-இல் கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளர் சிங் டாங் அமைத்த ஈரடுக்குக் கரிம மின்கலம், விழும் ஒளியாற்றலில் ஏறத்தாழ 1 விழுக்காட்டையே மின்னாக மாற்றியது. கரிமப் பொருளில் ஒளி தோற்றுவிக்கும் மின்னேற்ற இணை, 10 நானோமீட்டர் அளவே கடந்து அழிந்துவிடும் என்பதே தடை. இரு பொருள்களைக் கலந்து ஒரே படலமாகப் பூசும் முறை 1990-களில் இத்தடையைத் தளர்த்தியது. புதிய மூலக்கூறுகளின் வரவால் 2019-இல் மாற்றுத்திறன் 15 விழுக்காட்டைக் கடந்தது. ஆய்வகங்களில் பின்னர் 19 விழுக்காட்டிற்கும் மேல் எட்டப்பட்டது. இவ்வாறே அச்சிடத்தக்க பெரோவ்ஸ்கைட் மின்கலம், 2009-இல் 3.8 விழுக்காட்டில் தொடங்கி, 25 விழுக்காட்டைக் கடந்துள்ளது.

எனினும் இவ்வெண்கள் நகத்தளவு கலங்களுக்கு உரியவை. ஆய்வகத்தில் சுழல் தட்டின்மீது மை ஊற்றப்படுகின்றது. அதன் பெரும்பகுதி சிதறி வீணாகின்றது. ஆலையில் அகன்ற தாளில் பூசும்போது ஊசித்துளைகள் தோன்றுகின்றன. ஒளிபுகும் மின்வாயின் தடையும் மிகுகின்றது. குளோரோபார்ம் போன்ற கரைப்பான்கள் தொழிலாளர் நலத்திற்கு ஊறு செய்பவை. பெரோவ்ஸ்கைட்டில் உள்ள ஈயம் மண்ணில் கசியாது காக்கப்படல் வேண்டும்.

அனைத்தினும் பெரிய வினா ஆயுளாகும். ஈரமும் பிராணவாயுவும் புறஊதாக் கதிரும் இப்படலங்களைச் சிதைக்கின்றன. 85 பாகை வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம் ஆகியவற்றில் 1,000 மணி நேரம் தாக்குப்பிடித்தல், பலகைகளுக்கான பன்னாட்டுச் சோதனைகளுள் ஒன்று. சிலிக்கான் பலகைகளுக்கு 25 ஆண்டு உறுதி அளிப்பது வழக்கம். கோடை வெயிலும் பருவமழையும் மாறிமாறித் தாக்கும் இந்தியச் சூழலில் இப்போட்டி எளிதன்று.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரே பரப்புள்ள இரு தாள்களில் ஒன்று 20 விழுக்காட்டுத் திறனுடன் 5 ஆண்டும், மற்றது 12 விழுக்காட்டுத் திறனுடன் 10 ஆண்டும் உழைப்பதாகக் கொள்வோம். வாழ்நாளில் இரண்டாவதே ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக மின்சாரம் தரும். ஆயினும் திறன் குறைந்த தாளுக்கு, அதே மின்னளவிற்கு நிலமும் தாங்கிகளும் கம்பிகளும் கூடுதலாக வேண்டும். ஆகவே, மையின் மலிவு மட்டுமே மின்சாரத்தை மலிவாக்கிவிடாது. அமெரிக்காவில் 2001-இல் தோன்றிய கோனார்க்கா நிறுவனம் கரிமத் தாள்களை ஆலையில் அச்சிட்டது. அவ்வாண்டுகளில் சிலிக்கான் பலகைகளின் விலை வெகுவாக வீழ்ந்தது. 2012-இல் அந்நிறுவனம் நொடித்தது.

இதிலிருந்து பெறத்தக்க கொள்கை தெளிவானது. கண்ணாடிப் பலகையின் எடையைத் தாங்காத தகரக் கூரைகள், அறை ஒளியில் இயங்கும் சிறு கருவிகள் போன்றவற்றில் இத்தாள்களுக்கு முதலிடம் தரலாம். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நெகிழ் மின்னணுவியல் மையம் போன்ற ஆய்வு நிலையங்கள் நாட்டில் உள்ளன. அவற்றிற்கு நிதி ஒதுக்குவோர், எட்டிய விழுக்காட்டை மட்டும் வினவாது, எத்தனை சதுர மீட்டரில், எத்தனை கோடைகளுக்குப் பின் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை கிட்டும் நாளில்தான் ஆய்வகத்தின் வெற்றி நாட்டின் செல்வமாகும்.