அபராதமும் நியாயமும்: தொழில் நடத்துவோரின் கடமை

(உரையின் வாசகம்)

பெங்களூர் நகரில் ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள அடுகோடி, தொழிலாளர் வாழ்வோடு நெடுங்காலம் பிணைந்த பகுதியாகும். 1951-இல் நிறுவப்பெற்ற மைக்கோ நிறுவனத்தின் ஆலை இப்பகுதியின் பெயரை நாடறியச் செய்தது. 2008 முதல் அந்நிறுவனம் பாஷ் என்ற பெயரில் இயங்கி வருகிறது. இத்தகைய பெரிய நிறுவனங்களில் பணியாளர் துறை உண்டு. சட்ட ஆலோசகர் உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையிலோ முதலாளியே மேலாளர், அவரே கணக்கர், தவறு நேர்ந்தால் அவரே நீதிபதி. அங்கேதான் சட்டம் எளிதில் மறக்கப்படுகிறது. கோபத்தில் விதிக்கப்படும் ஓர் அபராதம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இந்நகரிலேயே சான்று உள்ளது.

1964-இல் அமைக்கப்பெற்ற பெங்களூர் குடிநீர் வழங்கல், கழிவுநீர் அகற்றல் வாரியம், தன் ஊழியர் சிலருக்கு ஒழுங்கீனத்திற்காக அபராதம் விதித்து, அத்தொகையை அவர்களிடமிருந்து வசூலித்தது. இயற்கை நீதிக்கு மாறாகத் தாங்கள் தண்டிக்கப்பட்டதாகக் கூறி, அவ்வூழியர்கள் 1972-இல் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகினர். வாரியமோ, தான் ஒரு 'தொழில்' அன்று என்றும், ஆகவே 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தனக்குப் பொருந்தாது என்றும் வாதிட்டது. தொழிலாளர் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இதனை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1978 பிப்ரவரி 21 அன்று தீர்ப்பு வழங்கியது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் வகுத்த விளக்கத்தைப் பெரும்பான்மையோர் ஏற்றனர். முறையாக நடைபெறும் செயல், முதலாளி தொழிலாளி ஒத்துழைப்பு, மக்களின் தேவையை நிறைவு செய்யும் பொருளோ சேவையோ ஆகிய மூன்றும் இருப்பின் அது தொழிலே; இலாப நோக்கம் இல்லை என்பது ஒரு பொருட்டன்று. மருத்துவமனைகளும் கல்வி நிலையங்களும் இவ்விளக்கத்தின் எல்லைக்குள் வந்தன. இத்தீர்ப்பை மறு ஆய்வு செய்யும் பொறுப்பு 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

நாட்டின் தொழிலாளர் சட்டத்தையே அசைத்த இவ்வழக்கின் வேர், முறையாக விசாரிக்காமல் விதிக்கப்பட்டதாகக் கூறப்பட்ட சில அபராதங்களே. அந்தத் தண்டனை நியாயமா என்ற வினாவைத் தொழிலாளர் நீதிமன்றம் ஆராயலாமா என்பது உறுதியாவதற்கே ஆறு ஆண்டுகள் கழிந்தன.

அபராதம் பற்றிய சட்டம் புதியதன்று. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் இதனை வரையறுத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019, அவ்வரம்புகளைத் தொடர்கிறது. உரிய ஒப்புதலுடன் அறிவிப்பில் குறிக்கப்பட்ட குற்றங்களுக்கு மட்டுமே அபராதம் விதிக்கலாம். விதிக்குமுன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்டல் வேண்டும். ஓர் ஊதியக் காலத்தில் அபராதம், ஊதியத்தில் நூற்றுக்கு மூன்று பங்கிற்கு மேற்படலாகாது. மாதம் 18,000 ரூபாய் பெறுபவருக்கு இது 540 ரூபாயாகும். தவணை முறையில் வசூலிக்கலாகாது. 90 நாட்களுக்குப் பின்னரும் வசூலிக்கலாகாது. பதிவேட்டிலும் குறித்தல் வேண்டும். வேலைக்கு வராத நேரத்திற்கு ஊதியம் பிடித்தல் வேறு, அபராதம் வேறு. அரைநாள் வராதவரிடம் இரண்டு நாள் ஊதியத்தைப் பிடிப்பவர் இவ்வேறுபாட்டை உணராதவர்.

பணிநீக்கம் போன்ற பெருந்தண்டனைக்கு விசாரணை இன்றியமையாதது. சுர் எனாமல் நிறுவன வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றம் அதன் படிகளைத் தெளிவாக்கியது. குற்றச்சாட்டு இன்னதென்று தொழிலாளிக்குத் தெரிவித்தல் வேண்டும். சாட்சிகளை அவர் முன்னிலையில் விசாரித்தல் வேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும், தம் தரப்புச் சாட்சிகளை நிறுத்தவும் அவருக்கு வாய்ப்பளித்தல் வேண்டும். விசாரணை அதிகாரி தம் முடிவைக் காரணத்துடன் எழுதுதல் வேண்டும். தண்டனை மிகையானதெனில் அதனைக் குறைக்கும் அதிகாரம் 1971-ஆம் ஆண்டின் திருத்தத்தால் தீர்ப்பாயங்களுக்குக் கிடைத்தது.

300 பேருக்குக் குறைவான தொழிலாளர் உள்ள இடங்களுக்கு நிலையாணைகள் கட்டாயமில்லை என்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020, கூறுகிறது. இதனால் சிறு பட்டறைக்கு விசாரணையே வேண்டியதில்லை என்று கொள்வது பிழை. குற்றஞ்சாட்டப்பட்டவரின் சொல்லைக் கேட்டபின் முடிவு செய்தல் என்னும் நெறி ஆள் கணக்கைப் பார்த்து வருவதன்று.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்க ஒரு தாள், விளக்கம் பெறச் சில நாட்கள், பதிவு செய்ய ஓர் ஏடு, பொறுமையுடன் கேட்க ஒரு மணி நேரம் ஆகியவை போதும். எழுதப் படிக்க இயலாத தொழிலாளிக்கு அவர் அறிந்த மொழியில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டுதலும் முறையாகும். தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் அடுகோடி போன்ற பகுதிகளில் இது மிகவும் தேவை.

அபராதம் பெறுபவரின் வீட்டில் அத்தொகை அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் உரியது. காரணம் கேளாமல் அதனைப் பிடித்துக்கொள்ளும்போது, பணத்தைவிட நம்பிக்கையே பெரிதும் குறைகிறது. கேட்டபின் விதித்த தண்டனையைத் தவறு செய்தவரும் ஏற்பார். தொழில் அமைதி விரும்பும் முதலாளிமார் இன்றே தம் அபராதப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார்களாக. ஒவ்வொரு தொகைக்கும் எதிரே தொழிலாளியின் விளக்கம் உள்ளதா என்பதே அவர்கள் முதலில் காண வேண்டியது.