மாண்டவியில் ஓர் இரவு



சென்ற கோடையில் குடும்பத்துடன் இரு நாள் கோவா சென்றிருந்தேன். பணஜி நகரில் மாண்டவி ஆற்றின்மீது, ‘கேசினோ’ எனப்படும் சூதாட்டக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. அந்தி சாய்ந்ததும் ஆறே தீப்பற்றியதுபோல் வண்ண விளக்குகள்!

1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தை 1992இலும் 1996இலும் திருத்தி, முதலில் உயர்தர விடுதிகளுக்கும் பின்னர்க் கப்பல்களுக்கும் இசைவளித்தனர். 2020 பிப்ரவரி முதல் கோவா மக்கள் மட்டும் அங்கு ஆடலாகாதென விலக்கினர். விருந்தினர்க்குப் பரிமாறுவதை வீட்டார் உண்ணலாகாதெனில், அஃது எத்தகைய பண்டம்?

மனைவி மக்கள் விடுதியில் உறங்க, நான் ஒரு கப்பலில் ஏறினேன். முதலில் 2,000 ரூபாய் வென்றேன், வென்றதே வினையாயிற்று. சுழலும் சக்கரத்தில் பூச்சியத்தோடு 37 அறைகள்; வென்ற எண்ணுக்குத் தருவதோ 35 மடங்கு. கணக்காளனாகிய எனக்கு இக்கணக்குப் புரியாததன்று. ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் திருக்குறளின் ‘சூது’ அதிகாரம் உரைத்தவனும் நானே. ஆயினும் அமர்ந்திருந்தேன். விடியுமுன் மகளின் கல்லூரிக் கட்டணம் 18,000 ரூபாயும் போயிற்று.

அக்கட்டணத்தை இச்சங்கத்தில் கடன் பெற்றே கட்டினேன். காரணம் கேளாமற் கொடுத்தீர்கள். இன்று சொல்லிவிட்டேன்.