தாரின் முன் அச்சு: வெட்டி மாத்தணுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

தார் எபிசோடுக்கு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் ஒரே சண்டைதான். "ஜீப்புன்னா முன்னாடியும் சாலிட் ஆக்ஸில் இருக்கணும். 2020 தார், ஜீப் வேஷம் போட்ட கார்" என்று ஒரு கட்சி. "பழைய ஜீப்பில் மதுரைக்குப் போயிட்டு வந்து இடுப்பைப் பிடிச்சவன்கிட்ட கேட்டுப் பாருங்க" என்று எதிர்க்கட்சி. ராஜபாளையத்தில் நாலு ஜீப்காரங்க சேர்ந்தாலே இந்தப் பேச்சு வந்துவிடும். அதனால் இன்னைக்கு முழுசா முன் சஸ்பென்ஷன்தான்.

முதலில் வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். மஹிந்திரா 1940களின் கடைசியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் நம்ம ஊர் தோட்டக்காரர்கள் வைத்திருந்த எம்.எம். 540, கமாண்டர் எல்லாம். முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் ஒரே அச்சு, அதுக்கு மேல ஸ்பிரிங் பட்டை. 2010 அக்டோபரில் தார் வந்தபோது ஆள் பார்க்க அந்தப் பழைய ஜீப்தான். ஆனால் முன்பக்கம் குனிந்து பார்த்தால் அச்சு இல்லை. டார்ஷன் பார் வைத்த இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். பின்னாடி மட்டும் பட்டை. அப்புறம் 2020 ஆகஸ்ட் 15 அன்றைக்கு அடுத்த தாரைக் காட்டினார்கள், அக்டோபர் 2 முதல் விற்பனை. அதில் முன்னாடி டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங். பின்னாடி அச்சு அப்படியே இருக்கு, பட்டைக்குப் பதிலா காயிலும் லிங்க்கும் வந்திருக்கு.

இந்தச் சண்டையில் ரெண்டு கேள்வியை எல்லாரும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. ஒரு கேள்வி: ரெண்டு சக்கரமும் ஒரே அச்சில் இருக்கா, தனித்தனியா இருக்கா? இன்னொரு கேள்வி: தாங்குறது பட்டையா, காயிலா? எம்.எம். 540இல் முதுகு வலிக்கிறதுக்குப் பாதிப் பழி பட்டைக்குத்தான். நீளம் குறைவான, கெட்டியான பட்டைகள். ஒண்ணோட ஒண்ணு உரசும், துரு ஏறினா இன்னும் இறுகும். சின்னக் குழியில் அது மடங்கவே மடங்காது, அடி நேரா சேசிஸுக்கு வந்துவிடும். ஒரே அச்சை காயிலில் உட்கார வைத்தால் கதையே வேற. 2023 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்த அஞ்சு கதவு ஜிம்னியை ஓட்டிப் பாருங்க. முன்னாடியும் பின்னாடியும் ஒரே அச்சுதான், காயில் ஸ்பிரிங்தான். பழைய ஜீப் மாதிரி தூக்கிப் போடாது. ஆக, "சாலிட் ஆக்ஸில்னா முதுகு போயிடும்" என்கிறவரும் பாதிதான் சரி.

இப்போ அச்சு விஷயத்துக்கு வருவோம். காவடித் தண்டை நினைச்சுக்கோங்க. ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே இறங்கும். சாலிட் ஆக்ஸில் அப்படித்தான். இடது சக்கரம் ஒரு பாறை மேல ஏறும்போது, அந்த ஏற்றமே வலது சக்கரத்தைத் தரையில் அழுத்திக் கொடுக்கும். ஓடையைக் குறுக்கே கடக்கும்போது நாலு சக்கரமும் மண்ணை விடாமல் இருக்கும். இண்டிபெண்டன்டில் இடது சக்கரம் ஏறினால் அதோடு சரி. வலது சக்கரத்துக்கு அந்தச் சேதியே போகாது. ஆண்டி-ரோல் பார் வைத்திருந்தால் இன்னும் மோசம், அது வலது சக்கரத்தையும் சேர்த்து மேலே இழுக்கப் பார்க்கும். அதனால்தான் தார் மேடுபள்ளத்தில் முன் காலைத் தூக்கிட்டு நிற்கிற படம் அவ்வளவு வருது.

ரெண்டாவது, தரைக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. சாலிட் ஆக்ஸிலில் கிரவுன் — அதாவது டிஃபரன்ஷியல் உருண்டை — அச்சோடு சேர்ந்தது. அது எவ்வளவு உயரம் என்பதை டயர்தான் முடிவு பண்ணும். அஞ்சு பேர் ஏறினாலும், நாலு கிரேடு மாம்பழம் ஏத்தினாலும், குழியில் விழுந்து குதிச்சாலும் அந்த உயரம் மாறாது. இண்டிபெண்டன்டில் கிரவுன் சேசிஸோடு போல்ட் போட்டு இருக்கு. சமதரையில் நல்லா மேலே இருக்கும். ஆனால் வண்டி ஒரு படி இறங்கி முன்மூக்கு அமுங்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கும். 2020 தாருக்கு 226 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் என்கிறார்கள். முன்பக்கத்தைப் பொறுத்தவரை அது வண்டி சும்மா நிற்கும்போது உள்ள கணக்கு. பாறையில் அமுங்கி இறங்கும்போது அந்தக் கணக்கு வேற. இதை சாலிட் கட்சிக்காரங்க சொல்லும்போது சும்மா சொல்லலை. ஒத்துக்கணும்.

அப்புறம் எதுக்கு மாத்தினாங்க? காசு மிச்சம் பண்ணவா? இல்லை. ரோடு. சாலிட் ஆக்ஸிலில் அச்சு, கிரவுன், ரெண்டு ஹப் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் அச்சே சாயும், மறு சக்கரமும் சாயும், சுத்துகிற சக்கரம் சாய்ந்தால் ஸ்டியரிங் ஆடும். புஷ் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அந்த ஆட்டம் நிக்காது. கை உதறும், பிரேக் அடிச்சு நிறுத்தினால்தான் அடங்கும். அமெரிக்கக் கார் கம்பெனிகள் 1930களிலேயே முன் அச்சைக் கைவிட்டதற்கு இந்த ஆட்டம் ஒரு முக்கியக் காரணம். ஜீப் மட்டும் விடவில்லை. இன்றைக்கும் ராங்ளர் முன்னாடி சாலிட் ஆக்ஸில்தான். ஆனால் ஃபோர்டு பிரான்கோவை 2021இல் திரும்பக் கொண்டு வந்தபோது இண்டிபெண்டன்ட் போட்டுவிட்டது. 1966 பிரான்கோவில் அச்சு இருந்தது, அதுவும் காயில் ஸ்பிரிங்கோட. அங்கேயும் இதே சண்டைதான். லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கும் அப்படியே: 2016 ஜனவரியில் பழசு நின்றது, 2019இல் காட்டின புதுசில் நாலு சக்கரமும் தனித்தனி. கிழவர்கள் கோவிச்சுக்கிட்டாங்க, வண்டி விற்றுக்கொண்டே இருக்கு.

நம்ம பக்கத்துக்கு வருவோம். போடி பக்கத்திலிருந்து சூரியநெல்லி போய் கொழுக்குமலை ஏறியிருக்கீங்களா? அந்தப் பாறைப் பாதையில் ஆளை ஏத்திட்டுப் போறது பூராவும் பழைய மஹிந்திரா ஜீப்புகள். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், வேகம் மாட்டு வண்டி வேகம். அங்கே ஸ்டியரிங் ஆட்டம் பத்தி யாருக்குக் கவலை? மெயின் பட்டை உடைஞ்சா டிரைவரே ஜாக்கி போட்டு, யூ போல்ட்டைக் கழட்டி மாத்திடுவார். அந்த வேலைக்கு அதைவிட நல்ல வண்டி இன்னும் செய்யலை என்றுதான் சொல்வேன். ஏலத் தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்களுக்கும் இதே நியாயம்தான்.

ஆனால் மெசேஜ் அனுப்புகிறவர்கள் யாரும் கொழுக்குமலை டிரைவர் இல்லை. ஒரு தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எழுதியிருக்கார். இதுக்காகத்தான் இந்த எபிசோடே. அப்பாவோட எம்.எம். 540ஐ வித்துட்டு, 2020க்கு அப்புறம் வந்த ஒரு தாரை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போறார். மலையடிவாரத்தில் மாந்தோப்பு இருக்கு, வாரத்தில் அஞ்சு நாள் மதுரைக்கு வேலைக்கு ஓட்டணும். ஒரு பட்டறையில் "முன்னாடி இருக்கிறதை வெட்டி எடுத்துட்டு பழைய ஆக்ஸிலைப் போட்டுத் தரேன், ஒரிஜினல் ஜீப் ஆயிடும்" என்று விலை சொல்லியிருக்காங்க. அந்த அம்பத்துநாலு அச்சை அப்படியே இதில் போட்டுக்கலாம் என்பது தம்பியோட ஆசை. அப்பா ஞாபகமும் இருக்குமே. புரியுது.

தம்பி, வேண்டாம். காரணம் சொல்றேன்.

இந்தத் தாரில் முன் சக்கரம் தூக்கினால் சமாளிக்க ஒரு ஏற்பாடு வெச்சிருக்காங்க. தூக்கின சக்கரம் சும்மா சுத்தும்போது அதுக்கு மட்டும் பிரேக் பிடிச்சு, சக்தியை மறு சக்கரத்துக்கு அனுப்பும். அதுக்குக் கண்ணு, ஹப்பில் இருக்கிற ஏ.பி.எஸ். சென்சார். பழைய அச்சையும் ஹப்பையும் போட்டால் அந்தக் கண்ணைப் பிடுங்கின மாதிரி. ஏ.பி.எஸ். போச்சு, ஈ.எஸ்.பி. இருக்கிற வண்டின்னா அதுவும் போச்சு. 2020 நவம்பரில் குளோபல் என்கேப் டெஸ்டில் இந்த வண்டி நாலு ஸ்டார் வாங்கினது வெட்டாத சேசிஸோட. வெல்டிங் வைத்த சேசிஸ் மோதினால் எப்படி மடங்கும் என்று அந்தப் பட்டறைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதில் உங்க வீட்டு ஆளுங்க உட்காரப் போறாங்க.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாச் சொல்லியிருக்கு. எஃப்.சி.க்குப் போகும்போது பிரச்சினை வரலாம். அதை விடுங்க, ஒரு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் குனிஞ்சு பார்க்கிற இடம் அடிப்பக்கம்தான்.

மூணாவது, இந்த மாற்றம் எந்த இடத்துக்காக? பாறை ஏறவா? அந்தக் காலத்தில் அய்யனார் கோவில் பக்கமும், செண்பகத்தோப்பு பக்கமும் மலைக்குள்ள போன கதையெல்லாம் பெரியவங்க சொல்வாங்க. அது சாம்பல் நிற அணில் சரணாலயமா இருந்தது, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் ஆயிடுச்சு. அனுமதி இல்லாமல் வண்டியோட உள்ளே போனால் கேஸ். போகவும் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மிச்சம் இருக்கிறது தோப்புக்குப் போற வண்டிப் பாதை, மழைக்கு அப்புறம் ரெண்டு மூணு ஓடை. அதுக்குப் பின் அச்சும், லாக்கர் இருக்கிற வேரியன்ட்டும் தாராளமாப் போதும். லாக்கர் பின்னாடி ஒரு சக்கரம் வழுக்கினா தானா பூட்டிக்கும், நீங்க எதுவும் செய்ய வேண்டாம். மதுரை ரோட்டில் தினமும் போக 75, வர 75 கிலோமீட்டர். முன் சஸ்பென்ஷன் உங்களுக்கு வேலை செய்யப் போறது அங்கேதான்.

2010 மாடல் தார் வெச்சிருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி முன்னாடி ரெண்டு இன்ச் தூக்குவாங்க. பார்க்க கம்பீரமா இருக்கும். ஆனால் சக்கரம் கீழே இறங்க வைத்திருந்த தூரத்தைத்தான் நீங்க செலவு பண்ணியிருக்கீங்க. குழி வந்தால் சக்கரம் இறங்காது, தொங்கும். சி.வி. ஜாயிண்ட் எப்பவும் கோணலா சுத்தும், ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் வெளியே போய் ஓடை மணல் உள்ளே வரும். அதோட ஜாயிண்ட் முடிஞ்சுது. உயரம் வேணும்னா ஒரு சைஸ் பெரிய டயரைப் பாருங்க, அதுவும் கம்பெனி அனுமதிக்கிற அளவுக்குள்ள.

சரி, தம்பி வண்டி பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்க. காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுசா இடது பக்கம் ஒடிச்சு, ஃபோர் வீல் போடாமல் மெதுவா வட்டம் சுத்துங்க. அப்புறம் வலது பக்கம். முன்னாடியிருந்து 'டக் டக்'னு சத்தம் வந்தால் சி.வி. ஜாயிண்ட் செலவு காத்திருக்கு. குனிஞ்சு நாலு பூட்டையும் விரலால் மடக்கிப் பாருங்க, வெடிப்பு மடிப்புக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். விஷ்போன் புஷ், பால் ஜாயிண்ட் ரெண்டையும் கடப்பாரை வைத்து நெம்பி ஆட்டம் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. சேசிஸ் முன்பக்கம் புது பெயிண்ட் மட்டும் தனியா பளபளன்னு இருந்தா ஏன்னு கேளுங்க. முன் டயரின் உள்பக்கம் தேய்ஞ்சிருந்தால் அலைன்மென்ட் பில் இருக்கான்னு பார்த்துட்டு விலை பேசுங்க.

அப்பா ஜீப்பை விக்கிறதா வேண்டாமா என்பது உங்க வீட்டு விஷயம். தோப்பில் நிறுத்த இடம் இருந்தால், காய் இறக்க அதைவிடத் தோதான வண்டி கிடைக்காது என்று மட்டும் சொல்றேன். ரெண்டையும் ஒரே வண்டியாக்க வேண்டாம்.

அடுத்த எபிசோடில் டயர் காத்து: மணலுக்கு எவ்வளவு இறக்கலாம், ரோட்டுக்கு வந்ததும் ஏன் உடனே ஏத்தணும். கேள்வி இருந்தால் இப்பவே அனுப்பி வையுங்க. வணக்கம்.