மல்லாட்டையின் பிறந்தகம்

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரை)



கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வருகிற ஜனங்கள் ராஜகோபுரத் தெருவில் எதை வாங்கிக் கொறிக்கிறாங்க? அவிச்ச மல்லாட்டை. அது நம்ம சுற்றுப்பட்டுக் கொல்லைகளில் விளைகிற காய். பாட்டன் காலத்திலிருந்து போடுகிறோம், இது நம்ம மண்ணோட பயிர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் அந்த 217 அடி கோபுரத்தைக் கட்டத் தொடங்கியபோது, இங்கே மல்லாட்டை கிடையாது. சமையலில் காரத்துக்கும் மிளகுதான். மிளகுபோலக் காரமான காய் என்பதால்தான் பிறகு வந்ததற்கு மிளகாய் என்று பேர் வந்தது.

இந்தப் பயிர்களை ஆக்கி வைத்தவர்கள் கடலுக்கு அப்பால், அமெரிக்கக் கண்டத்து ஆதிக்குடிகள். அவர்களில் மாயர்கள் இன்றைய மெக்சிகோ, குவாதிமாலா பக்கம் இருந்த மக்காச்சோளக்காரங்க. பூஜ்ஜியம் வைத்துக் கணக்குப் போடத் தெரிந்தவங்க. சோளத்தட்டையில் அவரைக்கொடியை ஏற்றி, கீழே பூசணியைப் படரவிட்டாங்க. பூசணி இலை களையை அடக்கியது.

அஸ்டெக்குகள் செய்த வேலையைக் கேட்டால் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நாம ஏரி வண்டலை வண்டியில் ஏற்றிக் கொல்லைக்குக் கொண்டு வருகிறோம் இல்லையா? அவங்க டெஸ்கோகோ ஏரிக்குள்ளேயே சேற்றை அள்ளி மேடு கட்டி, சுற்றிலும் வாய்க்கால் விட்டு, மேட்டின்மேல் சோளமும் மிளகாயும் தக்காளியும் பயிர் செய்தாங்க. மெக்சிகோ நகரத்தை ஒட்டி அந்த மேடுகளில் கொஞ்சம் இன்றைக்கும் விளைச்சலில் இருக்கு.

இன்காக்கள் ஆண்டிஸ் மலைச்சரிவைப் படிப்படியாகக் கல் கட்டி நிலமாக்கினாங்க. இரும்புக் கொழு கிடையாது, ஏர் மாடு கிடையாது. காலால் மிதித்து மண்ணைப் புரட்டுகிற கலப்பைதான்.

நம்ம கோபுரம் எழும்பிய அதே நூற்றாண்டில் ஸ்பானியர் வந்து, 1521-ல் அஸ்டெக் தலைநகரைப் பிடித்தார்கள். 1532-ல் இன்கா அரசரைச் சிறைப்பிடித்தார்கள். கூடவே வந்த அம்மை நோய் ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அவர்கள் பயிர்கள் மட்டும் கப்பலேறி உலகமெல்லாம் பரவின. பிலிப்பைன்ஸின் மணிலாத் துறைமுகம் வழியாக வந்த கொட்டை மணிலாக்கொட்டை. நம்ம வாயில் அது மல்லாட்டை.

மல்லாட்டைக்குப் பிறந்தகம் பொலிவியா, அர்ஜென்டினா எல்லைப் பக்கம். இன்காக்களுக்கும் முந்தி, ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் பெரு நாட்டில் ஒரு தலைவனைப் புதைத்த கல்லறையை 1987-ல் சிபான் என்ற இடத்தில் தோண்டினார்கள். அவன் கழுத்தில் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த கடலைக்காய் மாலை! காயை அவ்வளவு மதித்திருக்காங்க.

இப்போ நம்ம கொல்லைக்கு வருவோம். அந்த மலைக் குடியானவர் இன்றைக்கும் ஒரே நிலத்தில் பல ரக உருளைக்கிழங்கைக் கலந்து நடுகிறார். சிலது பனியைத் தாங்கும், சிலது நோயைத் தாங்கும். அதே கிழங்கைப் பயிரிட்ட அயர்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் ஒரே ரகத்தை நட்டாங்க. 1845-ல் கருகல் நோய் வந்தது. அடுத்த சில வருஷத்தில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்தாங்க.

நாமும் அப்படித்தான். குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்து 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி.2 நல்ல ரகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கொல்லை, எதிர்க் கொல்லை எல்லாம் ஒரே விதை என்றால், டிக்கா இலைப்புள்ளியும் துருவும் ஒரு வரப்பில் நிற்குமா? அறுவடைக்கு முன்னாலேயே இலை கொட்டிக் குச்சியாக நிற்கிற செடியை நீங்களே பார்த்திருப்பீங்க. இந்த நோயைத் தாங்குகிற குணம், பொலிவியக் காட்டுக் கடலையிலிருந்து எடுக்கப்பட்டு, தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி.4 போன்ற ரகங்களில் சேர்ந்திருக்கு. ஐதராபாத் பக்கம் பட்டஞ்செருவில் உள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தில் 15,000-க்கு மேற்பட்ட கடலை வித்துகளைச் சேமித்து வைத்திருக்காங்க.

ஆடிப்பட்டத்துக்கு முன்னால் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் என்ன ரகம் கிடைக்கும் என்று விசாரியுங்க. கொல்லையில் ஒரு ஓரம் நாலு சால் வேறு ரகம் போட்டு, இலைப்புள்ளி எதில் குறைச்சல் என்று கவனிச்சு, அந்தக் காயைத் தனியாகக் காயவைத்து, உடைக்காமல் ஓட்டோடு மூட்டை கட்டி வையுங்க.